எட்டு இலக்கத்தில் ஓர் இலை

சுங்க அலுவலக வட்டாரத்தில் அவருக்கு எட்டிலக்கம் என்று பெயர். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசல் காவலாளிகூட உதட்டைப் பிதுக்குவார். கப்பலேறி வரும் எந்தப் பொருளுக்கும் தீர்வைப் புத்தகத்தில் எட்டு இலக்கத்தில் ஓர் எண் உண்டு. அந்த எண்ணைப் பொறுத்துத்தான் வரி. அந்தப் புத்தகத்தை அவர் கரைத்துக் குடித்தவர். சரக்கைச் சுங்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் கிளியரிங் ஏஜென்ட் என்று அவரைப்போலப் பலகை மாட்டியவர்கள் அந்தத் தெருவில் வரிசையாக இருந்தார்கள். ஆனால் எண்ணில் தகராறு என்று வந்துவிட்டால் எல்லோரும் இவரிடம்தான் ஓடி வருவார்கள்.

ஒருமுறை நாய்க்குப் போடும் மழைக்கோட்டுகள் வந்து மாட்டிக்கொண்டன. அவை உடைகள் என்று அதிகாரிகள் ஒற்றைக்காலில் நின்றார்கள். "நாய் என்ன ஆபீசுக்கா போகுது? இது சேணத்தோட சேர்ந்தது சார். குதிரை முதுகுல போடுறதும் நாய் முதுகுல போடுறதும் ஒரே தலைப்புதான்" என்று இவர் புத்தகத்தைப் பிரிக்காமலே பக்கத்தைச் சொன்னார். சொன்ன பக்கத்தில் அப்படியே இருந்தது. அந்தக் கதையை டீக்கடையில் யாராவது எடுத்துவிட்டால் போதும், மனிதருக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம். தான் புகழ்ச்சிக்கு மயங்காதவன் என்று சொல்லிக்கொள்வார். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே மயங்குவார்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை வீட்டு மாடியில் ஓர் அறை, கீழே அவள் கையால் சாப்பாடு. மாப்பிள்ளைக்குத் தூரத்தில் வேலை. மாதத்துக்கு ஒருமுறை வந்து போவார். அண்ணனும் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடும்போது அவர்களுக்குள் ஒரு பழைய விளையாட்டு உண்டு. அவள் கையில் அகப்பட்டதைத் தூக்கிக் காட்டி, "அண்ணா, இதுக்கு என்ன நம்பர்?" என்பாள். கரண்டி, சீப்பு, தீப்பெட்டி, கிழிந்த குடை எதுவானாலும் அவர் மென்றுகொண்டே எண்ணைச் சொல்லுவார். ஒருநாள் அவள் தன்னையே காட்டிக் கேட்டாள். "உயிருள்ள பிராணிகள், முதல் அத்தியாயம்" என்றார். அவளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. வீட்டில் ஏதாவது சண்டை என்றாலும், யாராவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும், இந்த ஒரு கேள்வியில் சரியாகிவிடும்.

அந்தத் தங்கைதான் பிஸ்கட் தொழிற்சாலையில் ஸ்டோர் வேலையை விட்டுவிட்டு ஆரிகானோ இலையை இறக்குமதி செய்வது என்று முடிவெடுத்தாள். பீட்சாவின் மேல் தூவுகிறார்களே, அந்தக் காய்ந்த இலை. மொத்த வியாபாரி விற்பதெல்லாம் பாதி குச்சியும் தூசியும்தான் என்று ஊரிலிருந்த பீட்சா கடைக்காரர்கள் சிலர் புலம்பியது அவள் காதில் விழுந்தது. நல்ல இலை கொண்டுவந்தால் வாங்கிக்கொள்கிறீர்களா என்று ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கிக் கேட்டாள். சரி என்றார்கள். கடல் கடந்து ஒரு விவசாயியைத் தேடிப் பிடித்தாள். அவர் அனுப்பிய மாதிரிப் பொட்டலத்தைப் பிரித்த அன்று, வீடு முழுக்க அந்த வாசனை. கொஞ்சம் காரம், கொஞ்சம் கற்பூரம், மழைக்குப் பிறகு புல்லை மிதித்தாற்போல ஒரு பச்சை வாடை. திரைச்சீலையில்கூட ஏறிக்கொண்டு அது போகவே இல்லை.

பின்கட்டு அறையைக் காலி செய்து சுண்ணாம்பு அடித்தாள். இரும்பு அலமாரிகள் வந்தன. பை ஒட்டும் மிஷின் வந்தது. பச்சைக் கரையோடு லேபிள் அச்சடித்து வந்தது. சரக்கு கப்பலேறிவிட்டது என்ற சேதி கிடைத்ததும் அண்ணனிடம் காகிதங்களை எல்லாம் ஒப்படைத்து, "இனிமே உங்க கையில" என்றாள்.

"சுங்கத்துல உன் அண்ணன் இருக்கும்போது உனக்கு என்ன கவலை பாப்பா?" என்றார்.

சரக்கு வந்து இறங்கியது. கிடங்கில் மூட்டைகளைப் பரிசோதனைக்காகக் கத்தியால் கீறினார்கள், அது வழக்கம்தான். மதிப்பீட்டு அதிகாரி புதிதாக மாற்றலாகி வந்த ஓர் அம்மாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொள்வார். மரியாதையாகப் பேசுவார், குரலை உயர்த்தவே மாட்டார்.

"இது பீட்சா மேல தூவுறதுதானே சார்? அப்ப சமையல் மசாலாத் தலைப்புல வரணும். நீங்க மருந்துச் செடித் தலைப்புல போட்டிருக்கீங்களே?" என்றார்.

மசாலாத் தலைப்புக்கு வரி அதிகம், மருந்துச் செடிக்குக் குறைவு. விஷயம் அவ்வளவுதான்.

"எதுக்குன்னு பார்க்காதீங்க மேடம், என்னன்னு பாருங்க. மருந்துக்கும் வாசனைக்கும் ஆகுற செடிங்க பட்டியல்ல இந்தச் செடி பேரே இருக்கு. சாப்பாட்டுல போடுறதால மட்டும் மசாலா ஆயிடுமா? நான் தினம் சாப்பாட்டுக்கு அப்புறம் மாத்திரை கூடத்தான் போடுறேன்."

அம்மாள் லேசாகச் சிரித்தார். "நீங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கலாம். ஆனா நான் தனியா முடிவு பண்ண முடியாது, மேல அனுப்பணும். சோதனைக்கூடத்துக்கும் மாதிரி போகணும். நாளாகும். ஒண்ணு பண்ணுங்க சார். ஆட்சேபம்னு எழுதிக் கொடுத்துட்டு இப்போதைக்கு மசாலா வரியைக் கட்டிடுங்க. சரக்கை எடுத்துட்டுப் போங்க. தீர்ப்பு உங்க பக்கம் வந்தா அதிகமா கட்டினது திரும்ப வந்துடும். இலை பாருங்க, காத்திருக்காது."

நல்ல யோசனை. ஊரில் எந்த ஏஜென்டும் அதற்கு மண்டையை ஆட்டியிருப்பார். இவருக்கு மட்டும் கட்டுவது என்றாலே தோற்பது. ஆட்சேபம் என்று எழுதிக் கட்டினாலும் கட்டியது கட்டியதுதானே? நாளைக்கு டீக்கடையில், எட்டிலக்கமே கட்டிட்டார்ப்பா என்பார்கள். அதுவும் சொந்தத் தங்கையின் சரக்கில்.

"தப்பான தலைப்புல நான் கையெழுத்துப் போட மாட்டேன் மேடம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார்.

அன்று சாப்பிடும்போது தங்கை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கடைசியில், "கட்டிட்டு எடுத்துடலாமே அண்ணா. இந்த மாதிரி ஏதாவது ஆகும்னு கொஞ்சம் பணம் எடுத்துத்தான் வெச்சிருக்கேன்" என்றாள்.

"கட்டினா ஒத்துக்கிட்டதா ஆயிடும். அடுத்த தடவையும் அதையே நம்ம தலையில கட்டுவாங்க. ஒருவாரம் பொறு. தண்ணி காட்டிடுறேன்."

"கடைக்காரங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"கேக்கட்டும். நல்ல சரக்குக்கு நாலு நாள் காத்திருக்க மாட்டாங்களா?"

அவள் மறுத்துப் பேசவில்லை. சின்ன வயதிலிருந்தே அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி வளர்ந்தவள். அந்த நம்பிக்கையின் மேல்தான் மனிதர் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார் என்று எனக்குச் சொல்லத் தோன்றுகிறது. சொல்லிவிட்டேன்.

ஒருவாரம் என்பது ஒருவாரமாகவா இருக்கும்? மேலதிகாரி விடுப்பில் போனார். அவர் வந்ததும் கோப்பு வேறு மேசைக்குப் போனது. சோதனைக்கூடத்தில் மிஷின் பழுது. இவர் விடவில்லை. ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினார். வேறு நாடுகளில் இந்த இலையை எப்படி வகைப்படுத்தியிருக்கிறார்கள் என்று தேடித் தேடி எடுத்து, தடித்த கோட்டில் அடிக்கோடிட்டு, மனுவுக்கு மேல் மனுவாகக் கொடுத்தார். உண்மையைச் சொன்னால் அவர் சந்தோஷமாக இருந்தார். இவ்வளவு நல்ல வழக்கு அவருக்கு வெகுநாளாகக் கிடைக்கவில்லை. மாடிப்படியில் ஏறும்போது வாய்க்குள் விசில்கூட அடித்துக்கொண்டார்.

இதற்கிடையில் மழைக்காலம் வந்தது. கீழே தங்கை தினமும் காலையில் பின்கட்டு அலமாரிகளைத் துடைத்தாள். காலி அலமாரியைத் துடைக்க என்ன இருக்கிறது? ஆனாலும் துடைத்தாள். ஒரு கடைக்காரர் பழைய மொத்த வியாபாரியிடமே போய்விட்டார். பிறகு இன்னொருவர். பிஸ்கட் தொழிற்சாலையில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார் என்று யாரோ போகிறபோக்கில் சொன்னதை அவள் சாப்பாட்டு நேரத்தில் சாதாரணமாகச் சொன்னாள். அண்ணன் தலையாட்டிவிட்டு, எதிர்த்தரப்பு வாதத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று விளக்கத் தொடங்கினார்.

"அண்ணா, மூட்டைங்களைப் போய்ப் பார்த்தீங்களா?" என்றாள் ஒருநாள்.

"அது எங்க ஓடிடப் போகுது? பூட்டிக் கிடக்கு."

"இல்ல, கீறின மூட்டை வாயெல்லாம் தைச்சாங்களான்னு..."

"அதெல்லாம் பார்த்துப்பாங்க பாப்பா. நீ சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் மனசைப் போட்டுக் குழப்பிக்காத."

அதன் பிறகு கொஞ்ச நாளாக அவள் எதையும் தூக்கிக் காட்டி எண் கேட்கவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

விசாரணை வந்தது. மேலதிகாரி முன்னால் இவர் நின்று பேசினார். பேச்சு நடுவே விதிப்புத்தகத்தின் பின்னிணைப்பில் யாரும் எட்டிப் பார்க்காத ஒரு குறிப்பைத் தூக்கிப் போட்டார். காய்ந்த இலையில் வாசனை எண்ணெய் குறிப்பிட்ட அளவுக்குக் குறையாமல் இருந்தால்தான் அதை மசாலாவாகக் கொள்ளலாம். குறைந்தால் வெறும் செடியின் பாகம். "முதல்ல அந்த எண்ணெயை அளந்து காட்டச் சொல்லுங்க சார். அளக்காமலே மசாலான்னு எப்படி எழுதுவீங்க?" என்றார். முதலில் எடுத்த மாதிரி சோதனைக்கூடத்தில் எந்த மூலையில் கிடக்கிறதென்றே தெரியவில்லை. புதிதாக மாதிரி எடுத்து, எண்ணெயை அளந்து, அதன்படி முடிவு செய்வது என்று உத்தரவானது.

மாதிரி எடுக்க இவரும் கிடங்குக்குப் போனார். ஏஜென்ட் கண்முன்னால்தான் எடுக்க வேண்டும் என்பது விதி. சரக்கு வந்த நாளுக்குப் பிறகு அவர் அங்கே காலடி வைப்பது அதுதான் முதல்முறை. கிடங்குக்காரர் பூட்டைத் திறந்தார். தகரக் கூரை. உள்ளே அடைத்து வைத்த வெக்கை முகத்தில் அடித்தது. ஒரு மூலையில் மழைத் தண்ணீர் ஒழுகிய கறை. ஆரிகானோ மூட்டைகளை ஒட்டி, தோள் உயரத்துக்குப் புது டயர்கள் அடுக்கியிருந்தன. கீறிய மூட்டைகளின் வாய்கள் கீறியபடியே தொங்கின. ஒருவரும் தைக்கவில்லை.

"இதைப் பக்கத்துல எதுக்குங்க வெச்சீங்க?" என்றார் டயர்களைக் காட்டி.

"இடம் எங்க சார் இருக்கு? உங்க சரக்கு நாளைக்குப் போகும், நாளான்னைக்குப் போகும்னு நான் நினைச்சுக்கிட்டே இருந்தேன்" என்றார் கிடங்குக்காரர்.

மதிப்பீட்டு அம்மாள் ஒரு பிடி இலையை எடுத்துப் பையில் போட்டார். இவரும் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் கசக்கினார். பச்சையெல்லாம் போய், டீத்தூள் வடிகட்டி வெயிலில் காய்ந்தாற்போல் பழுப்பு. மூக்கருகே கொண்டுபோனார். ரப்பர் வாடை அடித்தது. இன்னொரு மூட்டையில் கையை ஆழமாக விட்டு எடுத்தார். அங்கேயும் ரப்பர், அதன் அடியில் ஈரச்சாக்கின் பூசண வாடை. கற்பூரமும் இல்லை, காரமும் இல்லை.

அப்போது அவர் மனதில் முதலில் வந்தது என்ன தெரியுமா? சந்தோஷம். இதில் எண்ணெய் இருக்காது, அளவுக்குக் கீழேதான் வரும், வழக்கு நம்முடையது. அந்தச் சந்தோஷம் நெஞ்சு முழுக்கப் பரவி முடித்தபிறகுதான், இந்த இலையைத் தங்கை யாரிடம் விற்பாள் என்ற அடுத்த நினைப்பு வந்தது. கையைத் தட்டினார். தூள் போனது, வாடை போகவில்லை.

அம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அன்று சாப்பாட்டில் கை வைக்கும் முன் சோப்புப் போட்டு மறுபடியும் மறுபடியும் கழுவினார். "என்னண்ணா ஆச்சு?" என்றாள் தங்கை. உடனே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடி மூட்டைகள் நன்றாக இருக்கலாம், வெயிலில் காயவைத்தால் வாடை போய்விடலாம், என்று தனக்குத்தானே காது குத்திக்கொண்டார். "சீக்கிரம் முடிஞ்சுடும் பாப்பா" என்றார். "இந்தத் தடவை நிச்சயமா நம்ம பக்கம்தான்."

அவள் முகம் மலர்ந்தது. நெடுநாளைக்குப் பிறகு மலர்ந்த அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் அவர் தட்டையே பார்த்துச் சாப்பிட்டார்.

சோதனைக்கூடத்து முடிவை அம்மாள்தான் கூப்பிட்டுச் சொன்னார். "அளக்குற அளவுக்கு எண்ணெயே இல்லையாம் சார். மசாலா இல்லைன்னு எழுதியாச்சு. நீங்க சொன்ன தலைப்புதான். ஜெயிச்சுட்டீங்க." அதைச் சொல்லும்போது அவர் குரலில் கேலி இல்லை. இருந்திருந்தால் இவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். விஷயம் தெருவுக்குள் பரவி, டீக்கடையில் ஒருவர் முதுகில் தட்டினார், இன்னொருவர் டீ வாங்கிக் கொடுத்தார். "நாய்க்கோட்டுக்கு அப்புறம் இதுதான்யா" என்றார்கள். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

தங்கை வேன் பிடித்து வந்து அண்ணனை ஏற்றிக்கொண்டாள். விட்டுப்போன கடைக்காரர்களில் ஒருவரிடம் மறுபடியும் பேசி, ஒருதடவை பார்க்கிறேன் என்று அவர் வாயால் சொல்லவும் வைத்திருந்தாள். வழியில் அண்ணனிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு ம், ம் என்றார். இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று வேன் கிடங்கு வாசலில் திரும்பும்வரை நினைத்துக்கொண்டே இருந்தார்.

கிடங்குக்காரர் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். டயர்களைப் பார்த்ததுமே தங்கையின் நடை தளர்ந்தது. கைப்பையிலிருந்து அந்த மாதிரிப் பொட்டலத்தை எடுத்தாள். வரும் சரக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நூல் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தது. பிரித்து மோந்தாள். பிறகு மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி எடுத்துக் கசக்கி மோந்தாள். அடுத்த மூட்டை. அதற்கடுத்தது. மேல் மூட்டைகளைத் தள்ளிவிட்டு அடி மூட்டையையும் பிரித்தாள். வேன்காரர் உதவிக்கு வந்தார், அவள் வேண்டாம் என்று கையைக் காட்டினாள். கிடங்கில் சாக்குகள் உராயும் சத்தம் மட்டும் கேட்டது. அண்ணன் கதவோரமே நின்றார்.

கடைசியில் அவள் எழுந்து வந்தாள். முழங்கை வரைக்கும் பழுப்புத் தூள். அழவில்லை. திட்டவும் இல்லை. திட்டினால் திட்டிக்கொள்ளட்டும் என்று அவர் காத்திருந்தார். அதற்கென்றே முகத்தைத் தயார் செய்து வைத்திருந்தார்.

"உங்களுக்குத் தெரியும் இல்ல?" என்றாள்.

அவர் டயர்களைப் பார்த்தார். அதுவே பதிலாக இருந்தது.

அவள் உள்ளங்கையை விரித்து அவர் முன்னால் நீட்டினாள். அதில் ஒரு பிடி இலை.

"அண்ணா, இதுக்கு இப்ப என்ன நம்பர்?" என்றாள்.

சாப்பாட்டு மேசையில் கேட்கிற அதே குரல். கோபம் இருக்கிறதா என்று அந்தக் குரலில் தேடிப் பார்த்தார். இல்லை. இனி அவரிடம் கோபித்துக்கொள்ளவும் அவளுக்கு ஒன்றுமில்லை என்பது அவருக்குப் புரிந்தது. என்னை மன்னிச்சிடு பாப்பா என்று சொல்ல வேண்டும். அந்தச் சொற்கள் நெஞ்சில் தயாராகவே இருந்தன. ஆனால் இத்தனை வருஷமாக அந்தக் கேள்விக்கு ஒரே விதமாகப் பதில் சொல்லிப் பழகிய வாய் முந்திக்கொண்டது. மாட்டுத் தீவனத்துக்கு மட்டும் ஆகும் தாவரக் கழிவுக்கு ஓர் எண் உண்டு.

"இருபத்திமூணு, பூஜ்யம் எட்டு, பூஜ்யம் பூஜ்யம், பூஜ்யம் பூஜ்யம்" என்றார்.

அவள் தலையாட்டினாள். கையைத் தட்டிவிட்டு வேனில் ஏறி உட்கார்ந்தாள். பக்கத்தில் அவருக்கு இடம் விட்டிருந்தாள், ஆனால் ஏறி உட்கார்ந்தவர் பக்கம் திரும்பவில்லை. வேன் கிளம்பி வெகுதூரம் போகும்வரை மனிதர் வாய்க்குள் அந்த எட்டு இலக்கத்தையும் திருப்பித் திருப்பிச் சரிபார்த்துக்கொண்டே வந்தார். எண் சரியானதுதான்.